மூஞ்சி தெரியற மாதிரி: பவானித் தறிக்காரம்மா ஒருவரின் உருவப்படம், ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது ஒரே ஒரு உருவப்படம். பவானியை ஒட்டிய ஊர் ஒன்றில், ஓட்டு வீட்டு ஆசாரத்தில் (வீட்டின் முன்கூடம்), ஜமக்காளம் ஒன்று பின்னால் தொங்க, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் அறுபதைத் தாண்டிய தறிக்காரம்மா ஒருவர். இரண்டு கைகளும் தொடைமேல் இருக்கின்றன. பார்வை நேராக லென்ஸுக்குள். சிரிப்பு இல்லை. போட்டோ பழகியவர்கள் பலரும் இதைப் பார்த்ததும் "கொஞ்சம் விறைப்பா இருக்கே" என்றார்கள். அந்த விறைப்பு எப்படி வந்தது என்பதுதான் என் விஷயம்.

எடுத்தவர் கல்யாண போட்டோவில் பிழைக்கும் கோவைத் தம்பி. கைத்தறிப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று, ஜமக்காளம் நெய்பவர்களின் உருவப்படங்கள் வேண்டும் என்று அவரிடம் வேலையை ஒப்படைத்திருந்தது. நான் போட்டோ சொல்லிக் கொடுக்கிறவன். அன்று வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மாகோல் அட்டை பிடிக்கக் கூடப் போனேன். அன்றைய கோப்புகள் ஒன்றுகூட அழியாமல் நேர வரிசைப்படி என்னிடம் இருக்கின்றன. நல்ல படத்தைத் தேடி எடுத்த பிறகு இந்த வரிசையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது அதில்தான் பதிந்து கிடக்கிறது. அந்த அம்மாவிடம் இப்படி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதிக்கோங்க சாமி, பேரும் ஊரும் வேண்டாம்" என்றார். அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

பவானி ஜமக்காளத்தைக் கொங்கு நாட்டாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாணம், சீர், எழவு எதுவானாலும் முதலில் விரிப்பது அதைத்தான். மொத்தமான பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் ஓடும். செயற்கைப் பட்டு நூலில் கரை போட்ட ரகமும் உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய ரகங்களில் இதுவும் ஒன்று. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் இருந்தாலும் விசைத்தறி நகல் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெருந்துறை சிப்காட்டுக்கும் போய்விட்டார்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் நரைத்த தலைகள்தான்.

புவிசார் குறியீடு, அருகிவரும் தொழில், சுருக்கம் விழுந்த கை, ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயில் என்று இத்தனையும் ஓரிடத்தில் இருந்தால் கேமரா வராமல் இருக்குமா? டிசைன் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், யூடியூப்காரர்கள் வருகிறார்கள். கொண்டுபோகும் படங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போல இருக்கும். நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) தள்ளும் கை, பாவு நூலின் (நீளவாக்கில் ஓடும் நூல்) வரிசை, குனிந்த தலை, பாதி இருட்டில் முகம். நம்ம தம்பியும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வந்தார். நிறுவனம் மாதிரிக்கு அனுப்பியிருந்த படங்களும் அப்படித்தான் இருந்தன.

தறிக் கொட்டகையில் அந்த அம்மா தனியாக நெய்யவில்லை. அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி, திருப்பித் தள்ளுவார். கூட உட்கார்ந்திருந்தவர் அவருடைய நாத்தனார், இரண்டொரு வயது மூத்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே தறி. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று மற்றவருக்கும் கூலி கிடையாது.

கொட்டகைக்குள்

முதல் கட்டப் படங்கள் தொழில் ரீதியாகக் குறை சொல்ல முடியாதவை. ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1600, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/125 நொடி. முகம் கூர்மையாக விழுந்திருக்கிறது, நாடாவைப் பிடித்த விரல்கள் லேசாகக் கலங்கியிருக்கின்றன, அந்தக் கலக்கம் ஓட்டத்தைக் காட்டுகிறது. பின்னாலிருக்கும் கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் நரைமுடியில் பட்டு விளிம்பு கட்டுகிறது. போட்டிக்கு அனுப்பினால் தேறும்.

ஆனால் வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஷட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து அந்த அம்மாவின் இடது தோள் மேலேறி நிற்கிறது. தொடக்கத்தில் இயல்பாகத் தொங்கிய தோள் படத்துக்குப் படம் காதை நோக்கி வருகிறது. ஒரு படத்தில்கூடக் கண் நிமிரவில்லை. நாத்தனாரோ உடம்பையே அக்கட்டால் திருப்பிக்கொண்டு, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் நெய்கிற தறியில் தாளம் தப்புவதும் படத்தில் இருக்கிறது: ஒரு கை நாடாவுக்காக நீட்டிக்கொண்டே நிற்கிறது, நாடா இன்னும் வரவில்லை.

இதைத்தான் நாம் "இயல்பான படம்" என்று சொல்லிக்கொள்கிறோம். கேமரா இருப்பதையே மறந்து வேலை செய்கிறார் என்று தலைப்பும் வைப்போம். அவர் ஒரு நொடியும் மறக்கவில்லை. மறந்த மாதிரி இருக்க வேண்டும் என்று யாரோ முன்பு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு கேட்டபோது தெளிவாகவே சொன்னார்: "இங்கிட்டுப் பாக்காதீங்க, வேலையப் பாருங்கம்பாங்க. பாக்காம இருந்து பழகிப் போச்சுங்க."

அப்புறம் நாடா நின்றது. தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஏங்கண்ணு, இப்படியே எடுத்தா வேலை செய்யறதுதானே தெரியும்? என்ற மூஞ்சி எங்க தெரியும்?"

தம்பி பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் வந்தது. "எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு போட்டோ ஊட்டுக்கு வந்ததில்ல."

ஏன் அந்தக் கேள்வி முக்கியம்

புகைப்பட வரலாற்றில் இதே கேள்வி பெரிய இடத்திலிருந்தும் வந்திருக்கிறது. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகள் தங்கியிருந்த இடத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கே ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தார். 1930களின் பொருளாதார நெருக்கடியான அமெரிக்கப் பெருமந்தத்தின் முகமாகவே ஆகிப்போன படம் அது. அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பிற்பாடு எழுதினார். பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது ஊருக்குத் தெரிந்தது 1978இல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு பிரயோஜனமில்லை என்ற வருத்தத்தை அவர் சொன்ன பிறகு. 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுக்கப்பட்ட ஆப்கன் சிறுமி ஷர்பத் குலாவின் கதையும் பக்கத்திலேயே வருகிறது. அட்டைப்படமாக உலகம் சுற்றிய முகத்துக்குப் பெயர் கிடைக்க 2002 ஆனது.

லாங்கேயைக் கெட்டவர் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. அரசுத் திட்டத்துக்காக, பசித்தவர்களுக்கு உதவி போய்ச் சேர வேண்டும் என்று எடுத்தவர் அவர். படம் செய்தித்தாளில் வந்ததும் முகாமுக்கு உணவும் போனது. ஆனால் எடுக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு, தன் முகம் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. நல்ல மனதோடு எடுத்தாலும் இது நடக்கும். பவானிக் கொட்டகையில் கேட்ட கேள்வியில் இருப்பதும் அதே கணக்குதான். தன்னை எடுக்கக் கூடாது என்று அந்த அம்மா சொல்லவில்லை. எடுங்கள், ஆனால் நான் தெரிகிற மாதிரி எடுங்கள், எனக்கும் ஒன்று கொடுங்கள் என்கிறார். பேரம் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் இருவர், அந்த நேரத்துக்கு ஒருவரை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார்களோ, அதில் கால்வாசிக் கவனம்கூட நம் உருவப்பட வேலைகளில் பல நேரம் இருப்பதில்லை.

இந்தத் தம்பியின் கெட்டிக்காரத்தனம், அவர் உடனே சமாதானம் சொல்லப் பார்க்கவில்லை. கேமராவை மடியில் இறக்கினார். "எப்படி எடுத்தா உங்களுக்குப் புடிக்குமுங்க?" என்று கேட்டார்.

கூலி

இந்த இடத்தில் யாரும் எழுதாத ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். ஜமக்காள நெசவு உருப்படிக் கூலி. தறி நின்றால் வருமானம் நின்றது. நாம் "சித்த நேரம் பேசிட்டு, நெருக்கம் வந்ததும் எடுக்கலாம்" என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் அந்தச் சித்த நேரம் அவர்களுடைய காசு. இரண்டு பேர் தறி என்பதால் இரட்டைக் காசு. தம்பி அன்றைய அரைநாள் கூலியை இருவருக்கும் கொடுத்துவிடுவதாக முதலிலேயே, ஜமக்காள முதலாளி எதிரிலேயே, சொல்லிவிட்டார்.

காசு கொடுத்தால் உண்மைத்தன்மை போய்விடும் என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. செய்திப் படத்தில் அந்த வாதத்துக்கு நியாயம் இருக்கிறது. காசுக்காகக் காட்சியை நடித்துக் காட்டும் ஆபத்து அங்கே நிஜம். விற்பனை நிறுவனத்துக்காக எடுக்கும் உருவப்படத்தில் எல்லோரும் சம்பளம் வாங்கும்போது உட்கார்ந்திருப்பவர் மட்டும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் புரியாத புனிதம். கூலி பேசி முடிந்ததும் நடந்த மாற்றத்தையும் பார்த்தேன்: கொட்டகைக்குள் அவசரம் போய்விட்டது. "இருங்க, சீலை மாத்திட்டு வந்தர்றேன்" என்று எழுந்தார் அந்த அம்மா.

ஜமக்காளம் தேர்ந்தது

இனி நடந்ததுதான் இந்த நிகழ்வின் நடுப்பகுதி. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சீலை மாற்றி வந்தவர், ஆசாரத்தில் நாற்காலி போடச் சொன்னார். பின்னால் வெறும் சுவர். பாதிக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. தம்பிக்கு அந்தச் சுவர் பிடித்திருந்தது, அதன் கறையும் வெடிப்பும் படத்துக்கு அழகு என்று நினைத்தார். அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒறம்பரை வந்தாக்கூட இதை மறைக்கத்தான் பாப்போம்" என்று சொல்லி, பரணிலிருந்து ஜமக்காளம் எடுத்துக் கட்டலாம் என்றார். துணி காயப்போடும் கொடிக் கம்பி குறுக்கே இருந்தது. வசதியாகப் போயிற்று.

முதலில் எடுத்து வந்தது சிவப்புப் பட்டை ஜமக்காளம். தம்பி அதைக் கம்பியில் போட்டு விரித்தார். அந்த அம்மா நாற்காலியில் உட்காரப் போனவர், திரும்பி நின்று துணியின் ஓரத்தை விரலால் தடவினார். மேலிருந்து கீழே பார்த்தார். ஓர் இடத்தில் நகத்தை வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்த பிறகும் தெரியவில்லை. ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒன்று விட்டுப் போயிருக்கிறதாம்.

"இது வேண்டாங்க. இது என்ற கையில்ல."

நாத்தனார் கொட்டகை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "அது நீ காச்சல்ல கெடந்தப்ப, பக்கத்து ஊட்டுப் புள்ளையும் நானும் போட்டதாட்டருக்குது." அப்புறம் எந்த ஜமக்காளம் என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். பச்சையும் கறுப்புமாக ஓடும் ஒன்றை மூத்தவர் எடுத்துத் தந்தார். கரை நேராக வர வேண்டும், மடிப்புத் தெரியக் கூடாது, தலைமாடு மேலே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கட்டளை வந்தது. நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் கம்பியில் தொங்கிக்கொண்டு இழுத்து இழுத்துச் சரி செய்தோம்.

கொட்டகைக்குள் எடுத்த அத்தனை படங்களிலும் நெசவு இருக்கிறது. ஆனால் நெசவு அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது எதிலும் இல்லை. உருவப்படத்தில் அது எப்படியோ நுழைந்துவிட்டது. விட்டுப்போன ஊடை ஒன்றைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார மாட்டேன் என்று மறுத்தவர் உட்கார்ந்திருக்கும் விதம் வேறாக இருக்கிறது. அது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியுமா என்று கேட்டால், காரணம் தெரியாது. அந்த நிமிர்வு தெரியும்.

தொழில் அளவிலும் ஒரு லாபம் இருந்தது. சிவப்புத் துணி முகத்துக்கு அருகில் இருந்தால் கழுத்திலும் தாடையோரத்திலும் சிவப்புச் சாயல் ஏறும். கல்யாண மண்டபத்தில் சிவப்புத் திரை கட்டிய மேடையில் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். பச்சையும் கறுப்பும் மாற்றியது, நாற்காலியை முன்னால் தள்ளிப் போட்டது இரண்டும் சேர்ந்து தோல் நிறம் சுத்தமாக விழுந்தது. அந்த அம்மா இதற்காகச் செய்யவில்லைதான்.

தூரம், உயரம், முகம்

கேமராவில் 85 மி.மீ. லென்ஸ். தலையும் தோளும் மட்டும் அடங்கும்படி எடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் நிற்க வேண்டும். திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவில் இருக்கும் தூரம் அது. 200 மி.மீ. போட்டால் அதே சட்டத்துக்கு மூன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும், பேச்சு கூப்பாடாகிவிடும். உருவப்பட லென்ஸைப் பற்றி மூக்கு பெரிதாகிறதா, பின்னணி கரைகிறதா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சாதாரணக் குரலில் பேச முடிகிற தூரமா என்பதை நான் அதற்கு முன்னால் வைப்பேன்.

இன்னொன்று, தம்பி கேமராவை முக்காலியில் மாட்டி, உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு இறக்கி, தான் பக்கத்தில் ஒரு மோடா போட்டு உட்கார்ந்தார். கையில் ரிமோட். முகத்தை மறைக்க எதுவும் இல்லை. பழைய இரட்டை லென்ஸ் பெட்டிக் கேமராவில் மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள்; படம் எடுப்பவரின் முகம் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கண்ணில் வைத்துப் பார்க்கும் கேமரா வந்தபோது போனது அதுதான். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை: தம்பியைப் பார்க்கலாமே என்று இருந்தும் அந்த அம்மா லென்ஸைத்தான் பார்த்தார். "போட்டோன்னா இதைத்தானே பாக்கோணும்?"

ஆசார நிழல் வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6, 1/125 போதுமாக இருந்தது. வாசல் பக்கத்திலிருந்து வந்த வெளிச்சத்தை மறுபக்கம் திருப்ப நான் அட்டையைப் பிடித்திருந்தேன். நாத்தனார் வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க புடிக்கறது அவளுக்குக் கண்ணு கூசுதுங்க." அவர் சொன்னது சரி. கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்ததும் கண் சுருக்கம் போனது.

நாத்தனாரையும் உட்காரச் சொல்லிக் கேட்டார் தம்பி. வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாம் முறை வற்புறுத்தவும் இல்லை. அட்டையை அவரே கடைசி வரைக்கும் பிடித்தார், "தோளை எறக்கு", "சீலையச் சரி பண்ணு" என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் அவர் இல்லை. அந்த அம்மாவின் வலது கன்னத்தில் விழுந்திருக்கும் வெளிச்சம் அவர் பிடித்தது. வேண்டாம் என்று சொன்னவரையும் சேர்த்துத்தான் அந்தப் பிற்பகலின் உறவை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதைப் படத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

விறைப்பு

சரி, விறைப்புக்கு வருவோம்.

புகைப்படத்தின் ஆரம்ப காலத்தில் விறைப்பு ஒரு கட்டாயம். 1839இல் பிரான்ஸில் தாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை வெளியானபோது ஒளிப்பதிவுக்கு நிமிடக்கணக்கில் ஆகும். பின்னால் வேகம் கூடியும் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்துத் தலையை நிறுத்தினார்கள். அந்தக் கட்டாயம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் நேர் பார்வையும் அசையாத உடம்பும் நீடித்தன. பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் படம் எங்கே மாட்டப்போகிறது என்பது உட்கார்கிறவருக்குத் தெரியும்.

கொங்கு வீட்டு ஆசாரத்தில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அப்பாரு, ஆத்தா படம் இருக்கும். மாலை, சின்ன பல்பு, பொட்டு. வயதான காலத்தில் போட்டோவுக்கு உட்காருபவர்களில் பலர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நல்ல படம் ஒன்று இல்லாமல் போய்ச் சேர்ந்தவர்களின் வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு வரும் போன் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது: ஏதோ கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்ற படத்தை அனுப்பி, முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீலம் போட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பொழுதோடு வேண்டும் என்பார்கள். வெட்டும்போது பக்கத்தில் நின்றவரின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். இல்லையென்றால் ஆதார் அட்டைப் படம். அந்த அம்மாவின் வீட்டிலும் அவருடைய முகம் இருந்தது அடையாள அட்டைகளில் மட்டும்தான்.

ஆகவே அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது எங்கள் கேமரா முன்னால் மட்டும் இல்லை. பேரப் பிள்ளைகள், அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் முன்னால். அவர்கள் பார்க்கும்போது தான் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஒரு முடிவோடு இருந்தார். இதை "இறுக்கம் தளர்த்தி" எடுக்கப் பார்ப்பது, ஒருவர் யோசித்துப் பேசும் பேச்சை நடுவில் வெட்டிச் சிரிக்க வைப்பதற்குச் சமம். ஜெர்மனியில் 1920களில் அவுகுஸ்ட் சாண்டர் என்ற புகைப்படக்காரர் விவசாயிகளையும் சமையல்காரரையும் வக்கீலையும் எடுத்த படங்கள் இன்றும் நிற்பதற்கு ஒரு காரணம், அவர் அவர்களை நேராக, தங்கள் தொழிலின் உடுப்போடு, தங்களுக்குத் தோன்றிய தோரணையில் நிற்கவிட்டார். பெரிய தகட்டுக் கேமராவின் மெதுவான வேலையும் அதற்கு உதவியது. அந்தப் படங்களைப் பார்த்து யாரும் விறைப்பு என்பதில்லை. பவானிக்காரம்மா அதையே செய்தால் மட்டும் "கிராமத்து ஜனங்க போட்டோன்னா வெறைச்சுக்குவாங்க" என்கிறோம்.

இரண்டு படம்

வரிசையில் கடைசிக்கு வருகிறேன். நேர்பார்வைப் படங்களில் ஒன்று எடுத்ததும் தம்பி "போதுமுங்கம்மா" என்றார். அந்த அம்மா மூச்சை விட்டார், தோள் இறங்கியது, அட்டை பிடித்திருந்த நாத்தனார் பக்கம் திரும்பி எதையோ சொல்லிச் சிரித்தார். தம்பியின் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தியது. அழகான படம். பல்லும், கண்ணோரச் சுருக்கமும், ஜமக்காளத்தின் கறுப்புப் பட்டையில் வெள்ளி மாதிரி நரைமுடியும்.

முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எடுப்பது உருவப்படக்காரர்களின் பழைய தந்திரம். நானும் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுண்டு, பலன் தருகிறது என்பதும் நிஜம். ஆனாலும் கறாராகப் பார்த்தால் அங்கே நடப்பது ஒரு சின்னக் களவு. ஒத்துக்கொண்ட நேரம் முடிந்த பிறகு எடுத்த படம் அது. களவு என்பதால் அழித்துவிட வேண்டியதில்லை, ஆளிடம் காட்டிக் கேட்டால் தீர்ந்தது. பெரும்பாலும் அந்தக் கேட்பதுதான் நடப்பதில்லை.

இங்கே நடந்தது. மடிக்கணினியைத் திறந்து, மொத்த வரிசையும் காட்டப்பட்டது. கொட்டகைப் படங்கள் வந்தபோது அந்த அம்மா வேகமாகத் தள்ளச் சொன்னார். நாத்தனார் மட்டும் ஓரிடத்தில் நிறுத்தி, "பாவு இங்க தளந்து கெடக்குது பாரு" என்றார். நேர்பார்வைப் படங்களில் மூன்றை ஒதுக்கி, அதில் ஒன்றை அந்த அம்மாவே எடுத்தார். சிரிப்புப் படம் வந்ததும் இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

தம்பி கேட்டார், "இதையும் கம்பெனிக்குக் கொடுக்கலாங்களா?"

"இது எங்க ரண்டு பேத்து பேச்சு கண்ணு. ஊட்டோட இருக்கட்டும். அவுங்களுக்கு அந்த நேராப் பாக்கறதக் குடு."

நிறுவனம் கேட்டிருந்தால் சிரிப்புப் படத்தைத்தான் எடுத்திருக்கும். பத்துப் போட்டோகிராபர்களைக் கேட்டால் ஒன்பது பேர் அதைத்தான் எடுப்பார்கள். என் ரசனைக்கும் அதுதான் முதலில் பிடித்தது, மறைக்கவில்லை. ஆனால் நாள் போகப்போக நேர்பார்வைப் படம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. சிரிப்புப் படத்தில் அவர் தன் நாத்தனாரைச் சந்திக்கிறார். நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். நேர்பார்வைப் படத்தில் எதிரில் இருப்பது நாம்.

இரண்டு படமும் அச்சாகி, பவானிக் கடையிலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்குப் போயின. நேர்பார்வைப் படம் ஆசாரத்தில். சிரிப்புப் படம் உள்ளே பீரோவுக்குப் பக்கத்தில், நாத்தனார் படுக்கும் அறையில்.

பிறகு

நிறுவனத்துக்கு நேர்பார்வைப் படத்தை மட்டும் அனுப்பினார் தம்பி. "உணர்ச்சி இல்லை, தறியில் வேலை செய்கிற மாதிரி இல்லையா" என்று பதில் வந்தது. கொட்டகைப் படங்கள் உண்டு, ஆனால் அந்த அம்மா சம்மதிக்கவில்லை என்று எழுதினார். அதற்குப் பிறகு சில போன்கள். வேலைக்கான மீதிப் பணத்தில் கொஞ்சம் பிடித்தமும் நடந்தது. கல்யாணத் தொழிலில் இருப்பவருக்குப் பிடித்தம் புதிதில்லை.

கடைசியில் நிறுவனம் இறங்கி வந்து, கொட்டகைப் படம் ஒன்றை ஜமக்காளத்தோடு வைக்கும் அட்டையில் அச்சடிக்க விரும்புவதாகவும், அந்த அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்றும் கேட்டது. தம்பி போய்க் கேட்டார். அந்த அம்மா தாளை வாங்கவில்லை. அவர் கேட்டது இரண்டு கேள்வி. அட்டையில் போட்டால் ஜமக்காளம் அதிக விலைக்குப் போகுமா? போகுமென்றால், தறியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் உருப்படிக்கு எவ்வளவு கூடும்?

தம்பி அந்த இரண்டு கேள்வியையும் அப்படியே தட்டச்சு செய்து நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். கோப்பை அனுப்பவில்லை. பதில் இன்னும் வரவில்லை.